பதினேழு இஞ்சு

சித்தெ அக்கட்டால நகந்து உக்காரு அம்மிணி. ஜன்னலோரம் நீயே வெச்சுக்க, எனக்கு வேண்டாம், காத்தடிச்சாக் கண்ணுல தண்ணி வரும். என்ன சீட்டு இது, கருமம். எத்தனை பேரு எண்ணெய்த் தலைய வெச்சுத் தேச்சாங்களோ, பிசுபிசுன்னு ஒட்டுது. முன்னாடி சீட்டுக்காரனப் பாரு, பஜ்ஜியத் தின்னுபோட்டுக் கையக் கம்பியில தொடைக்கறான். அதே கம்பியப் புடிச்சுட்டுத்தான் நம்ம எறங்கோணும். சீ. இந்தப் பை உன்ற மேல இடிக்குதா? இடிச்சாப் பொறுத்துக்க. உள்ள வெள்ளிக் கொலுசும் அரணாக்கொடியும் இருக்குது, கீழ வெக்க முடியாது.

நான் பஸ்ஸுல போற ஆளில்லை, அத மொதல்லயே சொல்லிப்போடறன். எங்கூட்டுல காரு இருக்குது. வெள்ளைக் காரு. கண்ணாலத்துக்குச் சீரா வந்த காரு. அந்தக் காரு இன்னிக்குக் காத்தால இதே ரோட்டுல எனக்கு முன்னாடி போயிருச்சு. அது போற ஊட்டுக்குத்தான் நானும் போறன். ஓட்டிட்டுப் போனது என்ற மகன் பூபதி. பெத்தவளப் பஸ்ஸுல வரச் சொல்லிப்போட்டு அவன் மட்டும் காருல போயிட்டான். இதெல்லாம் வெளிய சொன்னாக் கேவலம். உன்னைய எனக்குத் தெரியாது, அதனால சொல்றன்.

இன்னிக்கு என்ற பேத்தியக் கூட்டிட்டு வர்ற நாளு. மருமக தாரணி தலப்பிரசவத்துக்கு அவ அம்மா ஊட்டுக்குப் போனவ, மூணு மாசக் கொழந்தையோட இன்னிக்குத்தான் எங்கூட்டுக்கு வர்றா. எங்க ஊட்டு வழக்கம் என்னன்னா, மாமியார்காரி நேருல போயிக் கூப்பிடோணும். கொழந்தைய மடியில வாங்கோணும். வாங்குன மடிய விட்டு எறக்காம ஊருக்குள்ள கொண்டுட்டு வரோணும். என்ற மாமியார் அப்படித்தான் பூபதியக் கொண்டாந்தாங்க, மாட்டு வண்டியில. நான் காருல கொண்டாரோணும்னு எத்தனை நாளா நெனச்சுட்டிருந்தன் தெரியுமா? பின்னாடி சீட்டு, இடது பக்கம், மடியில பேத்தி. அவ்வளவுதான் நான் கேட்டது. அதுக்குத்தான் இப்பக் குறுக்க நிக்குது, அந்தக் காரோட சக்கரம்.

சிரிக்காத அம்மிணி. சக்கரந்தான்.

இன்னிக்குப் பொழுது விடிஞ்சதே சரியில்லை. எந்திரிச்சுப் பாத்தா, கொட்டாயில அடை வெச்ச கோழி எந்திரிச்சு வாசல்ல கொக்கரிச்சுட்டுத் திரியுது. முட்டையெல்லாம் கொட்டாய் வாசல்ல உருண்டு கெடக்குது, ஒண்ணு ஒடஞ்சு நாத்தம். எந்த நாய் பூந்து கலைச்சுதோ, உள்ள போயிப் பாக்க நேரமில்லை. பூபதி அதுக்கு முன்னாடியே காரெடுத்துட்டுப் போயாச்சு. 'நீங்க பஸ்ஸுல வந்துருங்கம்மா, வர்றப்பப் பாத்துக்கலாம்'னு நேத்தே சொல்லிட்டான். என்னத்தப் பாப்பானோ. நான் கோழி நாத்தத்தக் கழுவிப்போட்டு, தலைக்கு ஊத்திட்டு, இந்த நாத்தத்துக்குள்ள வந்து ஏறியிருக்கறன்.

சக்கரத்துக் கதைக்கு வர்றன். என்ற நாத்தனா ஒருத்தி இருக்கறா, சௌந்தரம்னு பேரு. எங்கூட்டுக்காரரோட அக்கா. எங்க வீதியிலேயேதான் இருக்கறா, அதுவே பெரிய தொந்தரவு. அவ மகன் கண்ணாலத்துக்கு மண்டபத்து வாசல்ல ஒரு காரு நிறுத்தியிருந்தாங்க. பெரிய காரு, ஆன மாதிரி. அதுவரைக்கும் காருக்குச் சக்கரம் நாலுன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். இவ என்ற பக்கத்துல வந்து நின்னுட்டு வேற யாருகிட்டயோ சொல்ற மாதிரி சொல்றா, 'அலாய் வீலு, பதினேழு இஞ்சு. கம்பெனியில குடுத்ததக் கழட்டிப்போட்டு, தனியா வாங்கி மாட்டிக் குடுத்திருக்கறாங்க சம்பந்தியூட்டுல'ன்னு. சொல்லிப்போட்டு என்ற மூஞ்சியப் பாக்கறா. அன்னிக்குப் பந்தியில எனக்குச் சோறு எறங்கலை. பக்கத்து எலையில எவளோ பாயசத்தையும் ரசத்தையும் ஒண்ணாக் கலக்கி உறிஞ்சறா, அதப் பாத்தது வேற.

அடுத்த வருசம் பூபதிக்குப் பொண்ணு அமைஞ்சது. சம்பந்தி நாச்சிமுத்து, நல்ல மனுசன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. தென்னந்தோப்பு இருக்குது, ஒரே பொண்ணு. அவராத்தான் சொன்னாரு, 'மாப்பிள்ளைக்கு ஒரு காரு வாங்கித் தர்றனுங்க'ன்னு. நான் ஒண்ணுமே கேக்கலை அம்மிணி. கேக்கற ஆளே நான் இல்லை. 'உங்க புள்ளைக்கு நீங்க செய்யறீங்க, நாங்க என்ன சொல்றது'ன்னுதான் சொன்னன். சக்கரம் மட்டும் பதினேழு இஞ்சா இருக்கட்டும்னு சொன்னன். அது கேக்கறதுல சேருமா, நீயே சொல்லு.

காரு வந்துச்சு. சின்னக் காருதான், ஆனா லட்சணமா இருந்துச்சு. கம்பெனிக்காரன் பதினாலு இஞ்சு இரும்புச் சக்கரம் போட்டுக் குடுத்திருந்தான். கறுப்பா, கருவாட்டுச் சட்டி மாதிரி. பாக்கவே கொமட்டும். அதக் கழட்டிப்போட்டு அலாய் மாட்டறதுக்கு நாச்சிமுத்து ஈரோட்டுக்குப் போனாரு. போன மனுசன் கடையில நின்னுட்டு எனக்குப் போன் போடறாரு. 'ஏனுங் சம்பந்தி, இந்த வண்டிக்குப் பதினஞ்சு வரைக்குந்தான் ஆகுமாமுங்க. பதினேழு போட்டா வெளிய தள்ளிட்டு நிக்குமாம், பாரம் ஏறுனாச் சக்கரத்துக்கு மேல மூடியிருக்கற மக்காட்டுல உரசுமாம். கடைக்காரர் சொல்றாருங்க. பதினஞ்சே போட்டுறலாமுங்களா?'

எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. கைய இறுக்கறாரு. கடைக்காரன் மேல பழியப் போட்டுக் கொறைச்சுக் குடுக்கப் பாக்கறாரு. நான் கேட்டன், 'சௌந்தரத்தூட்டுக்குப் பதினேழு, எங்களுக்குப் பதினஞ்சுங்களா?' அதுக்கு அந்த மனுசன், 'அவீங்களுது பெரிய வண்டிங்க சம்பந்தி'ங்கறாரு. 'அப்ப நாங்க சின்ன ஆளுங்களா?'ன்னன். போன நானே வெச்சுட்டன்.

சும்மா உட முடியுமா? அடுத்த நாளே பூபதியக் கூட்டிட்டு நானே கடைக்குப் போனன். செவுரு பூரா சக்கரமா மாட்டி வெச்சிருக்கறான், நகைக்கடையில ஆரம் மாட்டுன மாதிரி. எத்தனை தினுசு. பூ மாதிரி ஒண்ணு, விசிறி மாதிரி ஒண்ணு. ரப்பர் நாத்தந்தான் கொடலப் பெரட்டுச்சு. கடைக்காரன் கூலிங் கிளாசு போட்டுட்டு, மெத்தப் பேசறவன். ஒரு பொஸ்தகத்த விரிச்சு வெச்சுட்டு, 'இந்த வண்டிக்கு ஆகற அளவு இதுங்கம்மா, பாருங்க'ங்கறான். ஓட்டை நாலா அஞ்சாங்கறான், டயரு அகலங்கறான், ஆப்செட்டுங்கறான். எனக்குத் தெரிஞ்ச ஆப்செட்டு கண்ணாலப் பத்திரிகை அடிக்கறது ஒண்ணுதான். சக்கரத்துக்கு எதுக்கு அது?

'அதெல்லாம் இருக்கட்டும், பதினேழு மாட்ட முடியுமா முடியாதா?'ன்னு கேட்டன்.

'மாட்ட முடியுமுங்க. ஓட்டறதுதான் செரமம். நாலு பேரு ஏறுனா மக்காடு கடிக்கும்'னான்.

'நாலு பேரு ஏறக்கூடாதுன்னா காரு எதுக்குப்பா?'

'அதத்தானுங்கம்மா நானும் கேக்கறன்'னு சொல்றான். திமிரு. பூபதி அந்தப் பக்கமா மூஞ்சியத் திருப்பிட்டுச் சிரிக்கறான். வித்தா லாபம்னு மாட்டிவுடறத உட்டுப்போட்டு, கடைக்காரன் எனக்குப் பாடம் எடுக்கறான். கடைசியில மாட்டுனான். மாட்டிப்போட்டு, 'நீங்க கேட்டீங்க, நான் போட்டன். நாளைக்கு என்னையச் சொல்லாதீங்க'ன்னான். கழட்டுன கருவாட்டுச் சட்டி நாலையும் டிக்கியில போட்டுவிட்டான். நாச்சிமுத்து அதையும் பத்திரமா வெச்சுக்கங்கன்னு சொன்னாரு. நான் கொட்டாயில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப்போட்டன். நடுவுல வைக்கல் போட்டாக் கோழி அடை வெக்கறதுக்கு ஆகுமேன்னு. அதுக்குத்தான் ஆச்சு.

மண்டபத்துல அந்தக் காரு நின்னது இருக்குதே, அம்மிணி. சக்கரம் நாலுக்கும் நானே கையால மஞ்சள் பூசிக் குங்குமம் வெச்சன். வெயிலுக்குப் பளபளன்னு மின்னுது, கண்ணு கூசுது. வந்த சனம் மாப்பிள்ளையப் பாக்கறதுக்கு முன்னாடி சக்கரத்தப் பாத்துச்சு. சௌந்தரம் குனிஞ்சு பாத்தா. அதுல போட்டிருக்கற நம்பரத் தேடிப் பாத்தா. பதினேழுதான். வெடுக்குன்னு உள்ள போயிட்டா. அந்த ஒரு நாளுதான் நான் நிம்மதியா இருந்தது. ஏன்னா அன்னிக்குக் காரு நின்னுட்டே இருந்துச்சு.

மூணாம் நாள் குலதெய்வக் கோயிலுக்குப் பொறப்பட்டம். பூபதி ஓட்டறான், எங்கூட்டுக்காரர் முன்னாடி. பின்னாடி தாரணி நடுவுல, அந்தப் பக்கம் சௌந்தரம், இந்தப் பக்கம் நானு. சௌந்தரத்த நான் கூப்பிடலை, அவளா வந்து ஏறுனா, சக்கரம் எப்படி ஓடுதுன்னு பாக்கறதுக்கு. ஊரு முக்குல வேகத்தடை ஏறி எறங்குச்சு பாரு, எனக்குக் கீழ கர்ருன்னு ஒரு சத்தம். ஆட்டுக்கல்லுல தகரத்தப் போட்டு ஆட்டுன மாதிரி. கூடவே ஒரு கருகல் நாத்தம். எங்கூட்டுக்காரர் திரும்பி, 'என்ன சத்தம்?'ங்கறாரு. சௌந்தரம் சாவகாசமாச் சொல்றா, 'வேறென்ன, நங்கை ஏறுனதுக்கு வண்டி அழுவுது'ன்னு. நங்கைன்னா நாந்தான், தம்பி பொண்டாட்டி.

எல்லாரும் சிரிச்சாங்க. எங்கூட்டுக்காரரும் சிரிச்சாரு. தாரணி சிரிக்கலை, தலையக் குனிஞ்சுட்டா. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மாமியா மேல எரக்கப்படறாளாம். நான் என்ன அத்தனை பெருத்த ஒடம்பா? நீதான் பக்கத்துல உக்காந்திருக்கறயே, உனக்கு எடம் இல்லாமயா போயிருச்சு? அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் நகரலாம் நீ. அதே சௌந்தரம் என்னைய விட எச்சு எடை. ஆனா அவ பக்கம் உரசலை, என்ற பக்கந்தான் உரசுச்சு. ரோடு அந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுன்னு பூபதி சொன்னான். ரோட்டுக்கும் என்ற மேலதான் காட்டம்.

அதுக்கப்பறம் நடந்ததுதான் அசிங்கம். எங்க ஊருல இருந்து மெயின் ரோட்டுக்குப் போறதுக்குள்ள பஞ்சாயத்துக்காரன் எடத்துக்கெடம் வேகத்தடை போட்டு வெச்சிருக்கறான். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி பூபதி வண்டிய நிறுத்திப்போட்டுத் திரும்பிப் பாப்பான். 'அம்மா, சித்தெ எறங்கிக்கறீங்களா?' நான் எறங்கோணும். காரு மேடேறி எறங்கும். நான் பட்டுச் சீலையக் கொசுவத்தோட தூக்கிப் புடிச்சுட்டு நடந்து போயி மறுக்கா ஏறோணும். அடுத்த மேடு வரும், மறுக்கா எறங்கோணும். பேக்கரி முன்னாடி ஒரு மேடு இருக்குது. அங்க டீ குடிக்கற தண்டச்சோறுகளெல்லாம் காரு வர்றதப் பாத்தாலே கெளாசக் கீழ வெச்சுட்டுக் காத்துட்டு நிப்பானுக, நான் எறங்கறதப் பாக்கறதுக்கு. எச்சில் வழிய இளிச்சுட்டு. தூ. சொந்தக் காருல போயிச் சொந்தக் காலுல நடந்தவ இந்த ஜில்லாவுலேயே நான் ஒருத்திதான் இருப்பன்.

முன் சீட்டுல உக்காரச் சொன்னாங்க. அங்க உக்காந்தா வளைவுல திருப்பறப்ப முன் சக்கரம் உரசுது. எங்க உக்காந்தாலும் அது என்னையக் கண்டுபுடிச்சுருது.

நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டன். 'என்னங் சம்பந்தி, சீரு குடுத்தீங்களா, செனம் தீத்துக்கிட்டீங்களா?'ன்னு கேட்டன். மனுசன் அன்னிக்குப் பொழுதோடயே ஒரு ஆளக் கூட்டிட்டு மொபட்டுல வந்துட்டாரு. பொண்ணுக்குக் காரு குடுத்தவரு மொபட்டுலதான் வருவாரு, அதுவும் ஒரு சொரணை கெட்டதனம். வந்த ஆளு மக்காட்டு ஓரத்த உள்பக்கமா மடிக்கறன்னுட்டு சுத்தியல்ல தட்டறான். புதுக் காரு அம்மிணி. டங்கு டங்குன்னு தட்டறான், பெயிண்டு சில்லு சில்லாத் தெறிக்குது. அப்பறம் மழைக்கு அந்த எடம் துரு ஏறிப் புண்ணு மாதிரி ஆயிருச்சு. அப்பவும் உரசுச்சு.

அன்னிக்கு நாச்சிமுத்து கொட்டாய்க்குள்ள போயிப் பாத்துட்டு வந்து மெதுவாச் சொன்னாரு, 'பழைய சக்கரத்தயே மாட்டிறலாமுங் சம்பந்தி. அது இந்த வண்டிக்குன்னே செஞ்சதுங்க. நீங்க நிம்மதியா உக்காந்துட்டுப் போலாம்.'

'குடுத்த சீரத் திருப்பிக் கேக்கறீங்களா?'ன்னு கேட்டன். அவ்வளவுதான் கேட்டன். அந்த மனுசனுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆம்பளை. துண்டுல மூக்கச் சிந்தறாரு என்ற வாசல்ல நின்னுட்டு. பாக்க எனக்கு அருவருப்பா இருந்துச்சு. ஒரு சக்கரத்த உருப்படியா வாங்கிக் குடுக்கத் தெரியலை, அழுகத் தெரியுது.

நீயே ரோசனை பண்ணிப் பாரு. அந்தக் கறுப்புச் சக்கரத்த மாட்டுனா சௌந்தரம் என்ன சொல்லுவா? அலாய வித்துப்போட்டாங்கம்பா. இல்லாட்டிப் போனா, மண்டபத்துல நிறுத்துனது எரவல் சக்கரம்பா. அவ வாய மூடறதுக்குன்னு மாட்டுன சக்கரத்த அவ கண்ணு முன்னாலயே கழட்டறதா? அதுக்கு நான் நடந்தே போறன்.

அப்பறம் தாரணிக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிச்சு அவ அம்மா ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயி விடறதுக்கு இதே ரோட்டுல போனம். நான் அவளுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தன், கை நெறையா வளையலோட வர்றவளத் தனியா உட முடியுமா? பூபதி மெதுவாத்தான் ஓட்டுனான். உரசி உரசி டயரு பக்கவாட்டுல தேஞ்சு கெடந்துருக்குது, யாரு கண்டா. ஊதியூர் தாண்டுனதும் டப்புன்னு வெடிச்சுருச்சு. காரு ஒரு இழு இழுத்து, ரோட்ட விட்டு எறங்கி, வேலாமுள்ளுக்குள்ள போயி நின்னுச்சு. எதுக்கால ஒரு லாரிக்காரன் ஆரனடிச்சுட்டே போனான்.

ஒண்ணும் ஆகலை அம்மிணி. டயருதான் போச்சு. ஆனா தாரணி வவுத்த ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு ரோட்டோரமா உக்காந்துட்டா. வளையல் ரெண்டு ஒடஞ்சு போச்சு. அதப் பாத்து நான் எத்தனை அழுதன் தெரியுமா, நல்ல நாளு அதுவுமா வளையல் ஒடையறது என்ன சகுனம். அவ என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்தா. அப்பறம் சொன்னா, 'அத்தை, அந்தச் சக்கரம் இருக்கற வரைக்கும் என்ற கொழந்தைய இந்தக் காருல ஏத்த மாட்டனுங்க.'

சத்தம் போட்டுக்கூடச் சொல்லலை. வந்த நாள்ல இருந்து என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ. எல்லாம் அவ அப்பன் சொல்லிக் குடுத்த பேச்சு.

பூபதி ஸ்டெப்னிய மாட்டித் தாரணிய அவ அம்மா ஊட்டுல விட்டுப்போட்டு, எங்கூட்டுக்கு வந்ததும் வராததுமா ஜாக்கியத் தூக்கிட்டு நேரா கொட்டாய்க்குப் போனான். நான் அவனுக்கு முன்னாடி போயிட்டன். போயி அந்தச் சக்கர அடுக்கு மேலயே ஏறி உக்காந்துட்டன். 'எடுக்கறதுன்னா என்னையும் சேத்து எடுத்துக்கோ'ன்னன். கோழி எச்சத்து மேலதான் உக்காந்திருந்தன், சீலையெல்லாம் ஒட்டுச்சு, உடலை. அவன் ஜாக்கியக் கீழ போட்டுட்டுப் போயிட்டான். வெடிச்ச டயருக்குப் பதிலா அதே அளவுல வேற டயரு வாங்கி மாட்டுனான். அதுல இருந்து நான் அந்தக் காருல ஏறறதில்லை. நான் ஏறலைன்னா அது உரசறதில்லையாம். எல்லாருக்கும் சௌகரியம்.

கொழந்தை பொறந்தப்பக்கூட ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸுலதான் போனன். துணியில சுத்தி வெச்சிருந்தாங்க, செவந்து போயி, கண்ணத் தொறக்காம. தலையில ஒரு முடி இல்லை. சித்த நேரந்தான் கையில குடுத்தாங்க. அதுக்குள்ள நர்சு வந்து வாங்கிட்டுப் போயிட்டா, வெளக்குமாத்துக் கையோட வந்தவ மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு. அப்பப் பாத்ததுதான். அப்பறம் போகலை. பஸ்ஸுல போயி எறங்குனா நாச்சிமுத்து சம்சாரம், 'காருல வரலீங்களா?'ன்னு கேப்பா. தெரிஞ்சுட்டே கேப்பா. அதுக்குத்தான் போகலை. இன்னிக்குப் போகாம இருக்க முடியுமா?

தாரணி சொன்ன சொல்லெல்லாம் புருசன் போயிக் கூப்பிட்டாப் பறந்துரும். ஏறிக்குவா. ஆனா என்ற பேத்திய யாரு மடியில வெச்சுட்டு வர்றது? நாச்சிமுத்து சம்சாரம் இருக்கறா, குச்சி மாதிரி. அவ ஏறுனா எந்தச் சக்கரமும் அழுவாது. அவ மடியில என்ற பேத்தி காருல போகும், நான் பின்னாடியே பஸ்ஸுல பையத் தூக்கிட்டுப் போவன். ஊட்டு வாசல்ல சௌந்தரம் ஆரத்தித் தட்டோட நிப்பா. இப்பவே நின்னுட்டிருப்பா. நினைச்சாலே நாக்குல கசக்குது.

இரு அம்மிணி, போனடிக்குது. இந்தப் பையப் புடி.

சொல்லு கண்ணு... ஆமா, ஏறிட்டன்... ஊதியூர் தாண்டியாச்சு... எங்க? பிரிவுலயா? நீ எதுக்கு அங்க வந்து நிக்கறே, நான் நடந்து வரமாட்டனா... கொழந்தையுமா? வெயில்ல எதுக்குக் கண்ணு கொழந்தையத் தூக்கிட்டு... என்ன? மறுக்காச் சொல்லு... நெசமாவா?

கேட்டயா அம்மிணி. நான் எறங்கற வேலாங்காட்டுப் பிரிவுல காரோட நிக்கறாங்களாம், எல்லாரும். 'பின்னாடி சீட்டு உங்களுக்குத்தானுங்மா, பாப்பா உங்க மடியிலதான், எங்கயும் எறங்க வேண்டாம், எதுவும் உரசாது'ங்கறான். என்ன பண்ணியிருப்பாங்க? எனக்கென்னமோ நாச்சிமுத்துவுக்குப் புத்தி வந்துருச்சுன்னு தோணுது. பெரிய காரா மாத்திட்டாரோ என்னமோ. பேத்தி பொறந்த நேரம். பெரிய காருன்னாப் பதினேழு பொருந்துமில்ல? நான் அப்பவே சொன்னன், சக்கரத்துல கொறை இல்லை, காருலதான் கொறைன்னு. யாரு கேட்டா?

தலைமுடி கலைஞ்சிருக்குதா பாரு. அந்தக் கொலுசு டப்பாவ மேல எடுத்து வெய்யி, எறங்குனதும் போட்டுவிடறன். இத்தனை நேரம் உனக்கும் தலைவலியக் குடுத்துட்டன், மனசுல வெச்சுக்காத. என்ற மகன் தங்கம். பெத்தவ மனசு அவனுக்குத் தெரியாமப் போகுமா?

அந்தா தெரியுது பாரு நெழற்குடை. அதுக்குப் பக்கத்துல வெள்ளையா நிக்குதே. அது எங்க காருதான். பழைய காரேதான். பூபதி நிக்கறான், கையில கொழந்தை. பின் கதவத் தொறந்து வெச்சிருக்கறான். தாரணி உள்ள உக்காந்திருக்கறா, இந்தப் பக்கத்து எடம் காலியா இருக்குது.

அதென்ன அம்மிணி கறுப்பா?

சக்கரம் கறுப்பா இருக்குது. நீயும் பாரு. நாலுமே கறுப்பு. அடப்பாவி, கோழி அடைய அவனா கலைச்சான்? நாயின்னு நெனச்சனே. நான் தூங்கறப்ப எடுத்துருக்கறான். எச்சத்தக்கூடச் சரியாத் தொடைக்கலை பாரு, வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்குது. அதுலயா என்ற பேத்தியக் கொண்டுட்டுப் போறது? அதுல உக்காந்துட்டா நான் எங்க வீதிக்குள்ள போறது? சௌந்தரம் வாசல்ல நிக்கறா அம்மிணி, சொந்தமெல்லாம் நிக்குது. தட்டத் தூக்கறப்ப அவ கொழந்தையப் பாப்பாளா, சக்கரத்தப் பாப்பாளா? சக்கரத்தத்தான் பாப்பா. எனக்குத் தெரியாதா?

இல்லீங்க கண்டக்டர் தம்பி, எறங்கலை. பிரிவுக்குத்தான் டிக்கெட்டு எடுத்தன், இப்ப எறங்கலை. அடுத்த நிறுத்தம் எது? மில்லா? அதுக்கு என்ன ஆகுமோ வாங்கிக்க. அங்க எறங்கி எதுக்கால வர்ற பஸ்ஸப் புடிச்சு ஊட்டுக்குப் போயிக்கறன். நீ விசில அடி.

நீ சித்தெ முன்னாடி சாஞ்சு உக்காரு அம்மிணி, என்னைய மறைச்சாப்புல. அவன் பஸ்ஸுக்குள்ள தேடறான். நான் தலையக் குனிஞ்சுக்கறன். போன் அடிக்கட்டும், உடு. அவன்தான்.

ஜன்னலச் சாத்தாத. நீ எட்டிப் பாத்து எனக்குச் சொல்லு. கொழந்தை மொகம் இந்தப் பக்கமா இருக்குதா? தலையில முடி வந்துருக்குதா பாரு, அன்னிக்கு ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. சட்டுனு பாத்துச் சொல்லு அம்மிணி, வண்டி நகருது.